அப்பாவின் காதும் தங்கையின் பாட்டும்

சென்ற கோடை விடுமுறையில் அகமதாபாத்திலுள்ள எங்கள் வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி என் தந்தையார். பிரதிவாதி என் தங்கை. வயது 15, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவள். வழக்குக்குரிய பொருள் ஒரு ஹெட்போன். அதை அப்பா பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டி 12 நாட்கள் ஆகியிருந்தன. அந்த 12 நாளும் அவள் அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அவரும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. நடுவே தூது நடந்து நடந்து அம்மா அலுத்துப் போயிருந்தார்.

நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அப்பா என்னை நீதிபதியாக்கிவிட்டார். "தம்பி, நீ சயன்ஸ்தானே படிக்கிறே? இவ கேக்கிற இந்தச் சத்தம் காதைக் கெடுக்குமா கெடுக்காதா, படிப்பைக் கெடுக்குமா கெடுக்காதா, புஸ்தகம் பாத்துச் சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கிறேன்" என்றார். அறைக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது: "அண்ணா, அப்பாவுக்காகப் பேசாதே. உள்ளதைச் சொல்லு."

நம் சங்க மலருக்கு விஞ்ஞானக் கட்டுரையொன்று வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, குறைகடத்திகளைப் பற்றி எழுதலாமென்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அந்த விடுமுறையில் இவ்வழக்குக்காக நான் படித்தவை, ஓராண்டு ஆய்வுக் கூடத்தில் படித்ததைக் காட்டிலும் என் மனத்தில் ஆழமாய்ப் பதிந்துவிட்டன. நம் விடுதியில் உள்ள நண்பர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் இவ்வழக்கு ஒருகால் நடந்திருக்கும்; இன்னும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே என் தீர்ப்பையும், அந்தத் தீர்ப்பு நடுவில் எப்படித் தலைகீழாயிற்று என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவின் குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று, சத்தம் அதிகம், காது கெட்டுவிடும். இரண்டு, அது பாட்டே அன்று. தடதடவென்ற ஓசை மட்டுமே இருக்கிறது, சொல் ஒன்றும் விளங்கவில்லை. "எங்க காலத்துப் பாட்டுல ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தா விழும்" என்பது அவர் வாக்கு. மூன்று, இத்தகைய பாட்டைக் கேட்டுக்கொண்டே படித்தால் படிப்பு ஏறாது, நடத்தையும் கெடும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேட்ட அந்தக் கணத்திலேயே நான் மனத்துக்குள் தங்கையின் பக்கம் சாய்ந்துவிட்டேன். இரண்டாம் குற்றச்சாட்டைக் கேட்டு எனக்குச் சிரிப்பே வந்தது. அதற்குக் காரணம் உண்டு. நான் போன அன்று மாலை தங்கை தன் கைபேசியில் தமிழ்ச் சொல்லிசைப் பாட்டொன்றை வெளியே ஒலிக்கவிட்டாள். அப்பா முகத்தைச் சுளித்து, "இது என்ன பாஷை? கொரியாவா?" என்றார். நல்ல தமிழ், நம் வட ஆர்க்காட்டுப் பேச்சுத் தமிழ். அதைக் கொரிய மொழி என்கிறாரே, வெறுப்பு மனிதனை எவ்வளவு செவிடாக்கிவிடுகிறது என்று எண்ணினேன். அந்தச் சிரிப்புக்காகப் பின்னால் வெட்கப்பட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று தலைமுறை

தங்கைக்காக வாதாட முனைந்த நான் முதலில் தேடியது வரலாற்றை. இந்த வழக்கு மிகப் பழையது. பிளேட்டோ தம் 'குடியரசு' என்னும் நூலில், நல்ல நாட்டில் லிடிய, அயோனியப் பண்களுக்கு இடமில்லை என்றும், டோரியம், பிரிஜியம் என்னும் இரண்டே போதும் என்றும் எழுத வைக்கிறார். இளைஞர் மென்மையடைந்து கெட்டுப்போவர் என்பது காரணம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அப்பா பிளேட்டோவைப் படித்தவரல்லர். ஆனாலும் இருவர் வாதமும் ஒன்றே.

நம் நாட்டிலேயே இதனினும் சுவையான கதை ஒன்று நடந்திருக்கிறது. 1952-ல் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி. வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய நேரத்தை அவர் குறைத்தார். பாட்டோடு படத்தின் பெயரையும் சொல்வது விளம்பரம் ஆகும் என்று அதையும் நிறுத்தினார். படத் தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு பாடல்களையே கொடுக்க மறுத்தனர். இந்தியாவின் வானொலியில் திரைப்பாட்டு அநேகமாக அடங்கிவிட்டது. ஒரு நாட்டுக்கே தந்தையாராக ஒருவர் அலமாரியைப் பூட்டினார் என்று சொல்லலாம்.

பிறகு என்ன நடந்தது? கடலுக்கு அப்பால் இலங்கை வானொலி இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படையினருக்காக அமைத்த வலிமை மிக்க சிற்றலை நிலையம் அதன் கையில் இருந்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானி அங்கே 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சியைத் தொடங்கினார். இந்தித் திரைப்பாட்டைக் கேட்க வட இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பிற்று. தமிழகத்தார்க்கோ இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு அடுத்த வீட்டுப் பேச்சைப் போலத் தெளிவாய்க் கேட்டது. ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபர் 3-ஆம் நாள், அதே அமைச்சரின் காலத்திலேயே 'விவித பாரதி' பிறந்தது. திரைப்பாட்டு முன் வாசல் வழியாகவே திரும்பி வந்தது.

கேஸ்கரைக் கேலி செய்வதற்காக இதை நான் எழுதவில்லை. 1952-ல் வானொலியில் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியதும் அவர் காலத்தில்தான். வடக்கே உள்ளவர் கர்நாடக இசையையும், தெற்கே உள்ளவர் இந்துஸ்தானி இசையையும் வீட்டிலிருந்தபடியே கேட்க அது வழி செய்தது. கொடுத்ததில் அவர் வென்றார், தடுத்ததில் தோற்றார். ஆர்மோனியத்தை 1940-ல் வானொலியிலிருந்து விலக்கி வைத்து, 1971 வரை இடம் தராமல் இருந்ததும் இத்தகைய நல்லெண்ணத்தால்தான். அதனால் எந்தப் பஜனை மடத்திலும் ஆர்மோனியப் பெட்டி மூடிக் கிடந்ததாகத் தெரியவில்லை!

இந்த இலங்கை வானொலிக் கதை எனக்கு நூலிலிருந்து மட்டும் வந்ததன்று. காலஞ்சென்ற என் பாட்டனார் 1956-ல் 14 வயதுச் சிறுவன். ஆரணிக்கு அருகே எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு ரேடியோ இருந்ததாம். அங்கே நின்று இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுக் கேட்டதற்காக அவருடைய தந்தை பூவரசங் குச்சியால் அடித்தாராம். கூத்துப் பாட்டிலும் பஜனைப் பாட்டிலும் வளர்ந்த பூட்டனாருக்குச் சினிமாப் பாட்டு கூத்தாடிகளின் குரலாகக்கூட இல்லை, அதைவிடக் கீழ். அந்தத் தழும்பைப் பாட்டனார் எனக்குப் பெருமையோடு காட்டியிருக்கிறார்.

அதே பாட்டனார் 1964-ல் அகமதாபாத் வந்து துணி ஆலையில் சேர்ந்தார். 1992-ல் 'ரோஜா' படம் வந்தது. என் தந்தையாருக்கு அப்போது வயது 20. ஒலிநாடாவை வாங்கி வந்து இரவு பகலாகப் போட்டிருக்கிறார். அடி வாங்கிய பாட்டனார் அதைக் கேட்டு, "இது மிஷின் பாட்டு, மனுஷன் வாசிச்சது எங்கேடா?" என்று கடிந்திருக்கிறார். அப்பா அதை இன்றும் மறக்கவில்லை. ஆனால் தாம் அதே சொல்லைத் தம் மகளிடம் சொல்லுகிறார் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

சுவை எப்போது இறுகுகிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 1989-ல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் இரு அமெரிக்கர், பல வயதினர்க்குப் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டனர். தமக்கு ஏறத்தாழ இருபத்து மூன்றரை வயதாக இருந்தபோது புகழ்பெற்றிருந்த பாட்டுகளையே மக்கள் மிக விரும்பினர். எனக்கு இப்போது 23. அப்படியானால் இன்னும் ஆறு மாதத்தில் என் சுவையும் இறுகிவிடும். நண்பர்கள் எனக்கு நல்ல பாட்டுகளை விரைந்து அறிமுகப்படுத்துவார்களாக. இந்த வயது எல்லா நாட்டுக்கும் பொருந்துமென்று நான் வாதாட மாட்டேன். ஆனால் இளமையில் திரும்பத் திரும்பக் கேட்டது மனத்துக்கு இனிதாகிவிடுகிறது என்பதை மறுப்பார் குறைவு. பலமுறை கண்டதும் கேட்டதும் அதனாலேயே பிடித்துப் போகும் என்பதை ராபர்ட் சயான்ஸ் என்னும் உளநூலார் 1968-லேயே சோதித்துக் காட்டினார்.

படிப்பும் நடத்தையும்

மூன்றாம் குற்றச்சாட்டை விரைவில் முடித்துவிடலாம். பாட்டு நடத்தையைக் கெடுக்கிறது என்னும் அச்சம் 1985-ல் அமெரிக்க நாட்டின் செனட் சபை வரை போயிற்று. தம் மகள் வாங்கிய இசைத்தட்டிலிருந்த பாட்டொன்றைக் கேட்டுத் திடுக்கிட்ட டிப்பர் கோர் அம்மையாரும் வேறு சில தாய்மாரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். விசாரணையின் முடிவில் இசைத்தட்டுகளின் மேல் பெற்றோருக்கு எச்சரிக்கை என்று ஒரு சீட்டு ஒட்டலாயினர். அந்தச் சீட்டைத் தேடி வாங்கிய பிள்ளைகளும் இருந்திருப்பர் என்பதே என் துணிபு.

பெற்றோரின் அச்சத்தைப் போலவே அவர்களுடைய ஆசையும் ஆதாரத்தை மீறி ஓடும். 1993-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. கல்லூரி மாணவர் 36 பேர் மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட பின், வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் சோதனையில் சிறிது மேலாகச் செய்தனர். அந்தப் பயன் கால் மணி நேரங்கூட நில்லாமல் மறைந்துவிட்டது. இவ்வளவுதான் செய்தி. அதற்குள் 'மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும்' என்று உலகமெல்லாம் பரவிவிட்டது. 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்டார். பின்னர் பலர் செய்த சோதனைகளில் அந்தப் பெரும் பயன் காணப்படவேயில்லை.

ஆனால் ஓரிடத்தில் அப்பா சொல்வது சரி. சொற்கள் உள்ள பாட்டைக் கேட்டுக்கொண்டே மனப்பாடம் செய்தால் நினைவு குறைகிறது. படிக்கும் சொல்லும் காதில் விழும் சொல்லும் மூளையில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. சொல்லில்லாத வெறும் இசை அவ்வளவு இடையூறு செய்வதில்லை. இது புதுப் பாட்டுக்கு மட்டுமுள்ள குற்றமன்று. பாகவதர் பாட்டும் இதைச் செய்யும். தங்கையிடம் இதைச் சொன்னேன். "கணக்குப் போடும்போது கேக்கலாமா?" என்றாள். கெட்டிக்காரி.

15,000 மயிரணுக்கள்

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். இதில்தான் நான் பௌதிக மாணவனாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒலியின் அழுத்தம் செவிப்பறையை அசைக்கிறது. மூன்று சிற்றெலும்புகள் அவ்வசைவை உட்காதுக்குள் கடத்துகின்றன. அங்கே நத்தைக் கூடுபோலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதனுள் நீண்டு கிடக்கும் மெல்லிய தகட்டின் மேல் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. குழலின் வாயிலருகே உள்ளவை கீச்சென்ற உயர்ந்த ஒலிக்கும், உள்முனையில் உள்ளவை கனத்த தாழ்ந்த ஒலிக்கும் அசைகின்றன. ஒலி அலை இந்தத் தகட்டின் மேல் ஓடி, தனக்குரிய இடத்தில் உச்சம் கொள்வதைக் கண்டறிந்தவர் பெக்கெஸி. அவர் பௌதிகம் படித்தவர். தொலைபேசி ஆராய்ச்சிக்காகக் காதுக்குள் நுழைந்தவர். அவருக்கு 1961-ல் கொடுத்ததோ மருத்துவத்துக்கான நோபெல் பரிசு!

இம்மயிரணுக்கள் பேரொலியில் பலமுறை அடிபட்டால் மடிந்துவிடும். மடிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. கோழிக் குஞ்சுக்கு முளைக்கிறது. 1980-களில் இதைக் கண்டறிந்தார்கள். கோழிக்குள்ள வரம் நமக்கில்லை.

ஒலியை டெசிபல் கணக்கில் அளக்கிறோம். மூன்று டெசிபல் கூடினால் ஆற்றல் இரு மடங்கு ஆகும். ஆகவே பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்தவர் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கத்தக்கது 80 டெசிபல்; சிறுவர்க்கு 75. சிறுவர் கணக்கை நீட்டிப் பாருங்கள். 78 டெசிபல் என்றால் 20 மணி. 81 என்றால் 10. 84 என்றால் 5. 87 என்றால் வாரம் முழுவதுக்கும் இரண்டரை மணி. ஹெட்போனைத் தங்கை எந்த அளவில் வைத்துக் கேட்டாள் என்று கைபேசியின் பதிவைப் பார்த்தேன். அது காட்டும் எண் தோராயமானதே. ஆயினும் 87-க்குக் கீழே அநேகமாக இறங்கவேயில்லை. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். வாரம் முழுவதற்கும் உரிய பங்கைத் திங்கட்கிழமையன்றே ஏறக்குறைய தின்று முடித்துவிடுகிறாள்.

"ஏன் இவ்வளவு சத்தமா வைக்கிறே?" என்று கேட்டேன். அவள் பேசாமல் கூடத்தைக் கை காட்டினாள். அங்கே அப்பா தொலைக்காட்சியில் பழைய பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓசை அறைக் கதவையும் சுவரையும் கடந்து வந்தது. அதை மூழ்கடிப்பதற்காகத்தான் அவள் ஹெட்போனின் ஒலியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு முதன்முதலாக ஐயம் எழுந்தது. அப்பா ஏன் தொலைக்காட்சியை அவ்வளவு சத்தமாக வைக்கிறார்?

அட்டை

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட காலத்தில் சிறிய தறிக்கூடமொன்றில் சேர்ந்தார். 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தறி ஓட்டுகிறார். நாடா இப்புறமும் அப்புறமும் அடித்துப் பாயும் தறிகள் பல ஒரே தகரக் கூரையின் கீழ் ஓடும். சிறுவனாக அவருக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் வாசலிலேயே காதைப் பொத்திக்கொள்வேன். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை கட்டியிருக்கின்றன. இம்முறை கைபேசியில் ஓர் ஒலிமானியை ஏற்றிக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே 96 காட்டிற்று.

ஒரு சின்னக் கணக்கை நண்பர்கள் போட்டுப் பார்க்க வேண்டும். நம் புறச்செவியின் துளை ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை மூடிய குழல். அத்தகைய குழலில் ஒத்ததிர்வு அலை நீளம் குழலின் நான்கு மடங்கு, அதாவது 10 சென்டிமீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். வகுத்தால் விநாடிக்கு 3,400 அதிர்வு வரும். எந்த இரைச்சலானாலும் நம் காது தன் வடிவத்தாலேயே இப்பகுதியைப் பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அடி அதற்குச் சற்று மேலே விழுகிறது. ஆகவேதான் தறிக்காரர், கொல்லர், கொதிகலன் தொழிலாளர் யாவர்க்கும் முதலில் கெடுவது 4,000 அதிர்வை ஒட்டிய கேட்டல். தாழ்ந்த ஒலிகள் முன்போலவே கேட்கும். காது கேட்கவில்லை என்று அவருக்கே தெரியாது.

அந்த 4,000-ஐ ஒட்டிய பகுதியில் மொழியின் எந்த உறுப்பு வாழ்கிறது? உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் உள்ளது. 'ச' என்னும் உரசலும், 'த', 'க' முதலிய வல்லினங்கள் வெடிக்கும் அந்த நொடிப்பொழுதும் உயர்ந்த அதிர்வுகளில் உள்ளன. கட்டை, சட்டை, தட்டை, பட்டை என்னும் நான்கு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். முதல் மெய்யொலி தேய்ந்துவிட்டால் நான்கும் 'அட்டை' ஆகிவிடும். 'மட்டை' மட்டும் ஓரளவு பிழைக்கும். மெல்லினத்தின் ஒலி தாழ்ந்தது.

தமிழ்ப் பாட்டைக் கொரிய மொழி என்று அப்பா சொன்னது வெறுப்பினால் அன்று. அவர் காதில் விழுந்தது உயிரெழுத்துகளும் மத்தளமும் மட்டுமே. போதாக்குறைக்கு, கனத்த தாழொலி மெல்லிய உயரொலியை மறைத்துவிடும் இயல்புடையது. தங்கையின் பாட்டில் தாழொலி மிகுதி. "சொல் ஒன்றும் விளங்கவில்லை, தடதடவென்ற ஓசைதான் இருக்கிறது" என்று அவர் சொன்னது விமர்சனமன்று. தம் காதில் விழுந்ததை உள்ளபடியே சொன்னார். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன்.

அப்படியானால் பழைய பாட்டு மட்டும் எப்படி முத்து முத்தாக விழுகிறது? 1970-ல் ரிச்சர்டு வாரன் என்பவர் ஒரு சோதனை செய்தார். பேச்சைப் பதிவு செய்து, ஒரு சொல்லின் நடுவே ஓரெழுத்தின் ஒலியை வெட்டியெடுத்து, அவ்விடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்டவர்கள் சொல் முழுவதையும் கேட்டதாகவே சொன்னார்கள்; எந்த எழுத்து இல்லை என்று அவர்களால் காட்ட முடியவில்லை. தெரிந்த சொல்லை மூளையே நிரப்பிக்கொள்கிறது. 1992-ல் 20 வயதுக் காதால் ஆயிரம் முறை கேட்ட பாட்டு அப்பாவின் நினைவில் முழுதாக இருக்கிறது. தொலைக்காட்சி தருவது பாதி. மீதியை அவர் நினைவு தருகிறது. புதிய பாட்டுக்கு அந்த உதவி இல்லை.

வீட்டில் பேசும்போது ஏன் நாங்கள் கண்டுகொள்ளவில்லை என்றும் கேட்கலாம். தறிக்கூடத்தில் யாரும் காதால் பேசுவதில்லை. உதட்டையும் கையையும் பார்த்தே பேசுவார்கள். 30 ஆண்டுப் பழக்கத்தில் அப்பா உதடு படிப்பதில் வல்லவராகிவிட்டார். முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாம் விளங்கும். பாட்டுக்கு முகமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளிருந்து பேசும் மகளுக்கும் முகமில்லை. அவள் 12 நாட்களாகப் பேசவில்லை என்றேனே. நடுவில் இரண்டு முறை அறைக்குள்ளிருந்தபடி அவரைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று பிறகு அழுதுகொண்டே சொன்னாள். பதில் வராததைக் கோபம் என்று எண்ணிக்கொண்டாள்.

ஓரிரவு கைபேசியில் தனித்தனிச் சுரங்களை உண்டாக்கி அப்பாவுக்குப் போட்டேன். கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னேன். 250, 500, 1,000 மூன்றுக்கும் உடனே தூக்கினார். 2,000-க்குச் சற்றுத் தாமதித்தார். 4,000-க்கு விரல் எழவேயில்லை. தங்கை பக்கத்தில் அமர்ந்திருந்தாள். அவளுக்கு அது ஊசியாய்க் குத்தியது. "போட்டியாப்பா?" என்று அப்பா கேட்டார். அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. பின்னர் மருத்துவமனையில் முறைப்படி எடுத்த படத்திலும் கோடு 4,000-ல் பள்ளத்தில் இறங்கி, 8,000-ல் சற்று மேலேறி இருந்தது. முதுமையால் வரும் செவிட்டுத்தன்மையில் கோடு கடைசி வரை இறங்கிக்கொண்டே போகும். நடுவில் விழுந்த இந்தப் பள்ளம் இரைச்சலின் கையெழுத்து.

என் தீர்ப்பை மறுநாள் சொன்னேன். அலமாரி திறந்தது. ஹெட்போனில் ஒலியின் உச்சம் 75 டெசிபலில் கட்டப்பட்டது. கைபேசியிலேயே அதற்கு வசதி உண்டு. கூடத்துத் தொலைக்காட்சியின் கீழே பாட்டின் சொற்கள் எழுத்தாக ஓடுமாறு அமைத்துக் கொடுத்தோம். ஓசையைப் பாதியாக அப்பாவே குறைத்துக்கொண்டார். தங்கை அவர் எதிரே உட்கார்ந்து, தன் பாட்டின் சொற்களை ஒவ்வொன்றாக வாயசைத்துச் சொன்னாள். அப்பா கடைசிவரை உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லு நல்லாத்தான் இருக்கு. மெட்டுத்தான் சரியில்லை" என்றார். அது அவர் கருத்து. அதற்கு 4,000 அதிர்வு காரணமன்று.

தீராமல் நிற்பது ஒன்று. தறிக்கூடத்தில் காதடைப்பான் போட்டுக்கொள்ளுமாறு அப்பாவை வற்புறுத்தினேன். "தம்பி, ஊடை நூல் அறுந்தா தறிச் சத்தம் மாறும். அதைக் காதுலதான் பிடிக்கணும். காதை அடைச்சுட்டா ஒரு கெஜம் பாழாப் போனப்புறந்தான் தெரியும். அந்தக் கெஜத்துக்குக் கூலியில பிடிப்பாங்க" என்றார். இதற்கு என்னிடம் விடையில்லை. உயர்ந்த அதிர்வை மிகுதியும் தாழ்ந்த அதிர்வைச் சற்றும் தடுக்காமல், எல்லா அதிர்வுகளையும் ஒரே அளவாகக் குறைக்கும் காதடைப்பான்கள் இசைக் கலைஞர்க்கென்று விற்கிறார்கள். அதைப் போட்டால் தறியின் ஓசை தாழும். ஓசையின் மாறுதல் காதுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். இரண்டு சோடி வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளி விடுமுறையில் தறிக்கூடத்துக்கு எடுத்துப்போய், அறுந்த நூலை அப்பா கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.